ஒன்றரை அடி டப்பா

என் கடையின் பின்னறையில், புடவை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா திறந்தே கிடக்கிறது. ஒன்றரை அடி நீளம். உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஆரணியில் இத்தனை பட்டுக்கடை இருக்கிறதே, பாம்புக்குத் தண்ணீர் வைக்கும் கடை என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அது என் தங்கையின் டப்பா. மணவாழ்க்கை முறிந்து பெங்களூரிலிருந்து திரும்பியபோது, அதில் ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டு இனம், விஷமில்லை, காகிதமெல்லாம் சரியாக இருந்தது. எங்கள் யாரோடும் பேசாதவள் அதனோடு மட்டும் பேசினாள். எனக்கோ அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் பொறுக்காது. "ஜெயில்ல போட்டுகினு கொஞ்சுறியேம்மா" என்பேன். "குட்டிக்கு அதோட நீளம் இருந்தா போதும்ணா. பெரிய எடத்துல வுட்டா பயந்துகினு சாப்பிடாது. வளர வளர மாத்திக்கலாம்" என்பாள். நான் கேட்டால்தானே!

எங்கள் தொழிலில் அழகான எதையும் மடித்து வைக்க மனம் வராது. விரித்து, விளக்குப் போட்டுக் காட்டினால்தான் திருப்தி. அவள் வேலைக்கான நேர்காணலுக்குச் சென்னை போன சமயம், முகூர்த்தப் புடவை வைக்கும் ஆறடிக் கண்ணாடி ஷோகேஸைக் காலி செய்து குட்டியை அதில் விட்டேன். அவள் வந்து பார்த்து மகிழ்வாள் என்று நினைப்பு. அது மூலையில் சுருண்டு தலையை உள்ளே புதைத்துக்கொண்டது. பழகிவிடும் என்று விளக்கைக்கூட அணைக்காமல் கடையைப் பூட்டினேன். காலையில் ஷோகேஸ் காலியாக இருந்தது. நகரும் கண்ணாடிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு. வருஷக்கணக்காக அதைத் துடைத்தவன் நான்தான். புடவை எங்கும் ஓடிப்போகாது என்பதால் அது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் வந்ததும் மூன்று நாள் இருவரும் ஒவ்வொரு புடவையாக உதறிப் பார்த்தோம். குட்டி கிடைக்கவில்லை. அவள் திட்டவில்லை. "ஓடலண்ணா, ஒளிய எடம் தேடிகினு போயிருக்கு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

இப்போது அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் முன் புடவையைப் பிரிக்கும்போது என் கை ஒரு நொடி நிற்கிறது. உள்ளே பாம்பு இருக்கக் கூடாதே என்று வேறு எவரும் வேண்டுவார்கள். நானோ, இருக்கட்டுமே என்று வேண்டுகிறேன்.

போன வாரம் போனில் ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்தவள், இத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கேட்டாள்: "அந்த டப்பாவ மூடிட்டியாண்ணா?"

"இல்லம்மா. தொறந்துதான் கெடக்குது."

"தண்ணி மட்டும் மாத்திகினு இரு" என்றாள்.

இன்று காலையும் மாற்றினேன்.