டொக்டர் என்று கூப்பிட்டார்கள்

குருநகர் மீனவர் சங்கமொன்றில் காப்புறுதி வேலைகளைப் பார்த்தவள் கத்தரீனா. கடலில் கைகால் முறிந்தவர்களுக்கு வைத்தியச் செலவைக் கொழும்புக் கொம்பனியிடமிருந்து எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. வாய்ப்பேச்சை நம்பமாட்டாள். காயத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மனுவை எழுதுவாள்.

எண்பத்து நாலில் சந்தியோகுவின் மனு திரும்பி வந்தது. வள்ளத்து இயந்திரம் அடித்துக் கை முறிந்தவன். சிகிச்சை செய்தவர் பதிவு பெற்ற வைத்தியராகத் தெரியவில்லை, ஆகவே தரமுடியாது என்றது கொம்பனி. பிறகு கால் முறிந்த கிறகோரியின் மனுவும் அதே காரணத்தோடு வந்தது. இரண்டிலும் கையெழுத்து அருட்பிரகாசத்துடையது. முந்தின வருஷக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடி வந்து, கோயிலடியில் அறை எடுத்து மருந்து கொடுத்துவந்த மனிதர். ஊரே அவரை டொக்டர் என்றது.

கத்தரீனாவுக்கு உறுத்தத் தொடங்கியது. அவருடைய சுவரில் சான்றிதழ் இல்லை. பெயருக்குப் பின்னால் பட்டமும் இல்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லிக்கொண்டு அவரிடம் போனாள். அவர் அமத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு கையைக் கழுவினார்.

“வயித்திலை ஒண்டுமில்லை, பிள்ளை. என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“நீங்கள் டொக்டரோ எண்டு கேக்க வந்தனான்.”

அவர் துவாயை எடுத்து ஆறுதலாகத் துடைத்தார்.

“நான் அப்போதிக்கரி, டொக்டருக்குக் கீழை மருந்து குடுக்கிற ஆள். டொக்டர் எண்டு ஆருக்கும் சொல்லேல்லை. சனம் கூப்பிட்டுது.”

“நீங்கள் மறுக்கேல்லையே.”

“ஓம். மறுக்கேல்லை.”

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாத குறைக்கு வைத்தியம் பார்த்தவராம். பத்திரங்கள் வீட்டோடு எரிந்துவிட்டனவாம். எரிந்தது என்று சொல்வது எவருக்கும் சுலபம் என்று நினைத்தாள் அவள். சந்தேகமென்றால் உடுப்பிட்டியில் பஞ்சலிங்கத்தைக் கேளுங்கள், அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர் என்றார் அவர்.

அவர் ஆள் அனுப்பிச் சொல்லிவைக்க முன்னம் பஸ் ஏறிவிட்டாள். பஞ்சலிங்கத்திடம் அருட்பிரகாசத்தின் பெயரைச் சொல்லாமலே, உங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்தது யார் என்று விசாரித்தாள். ஆளைத் தேடி வருகிறவர்களுக்கு எவரும் கதவு திறக்காத காலம். அவர் படலையைப் பிடித்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார். யார், எந்த ஊர், யார் அனுப்பியது என்று குடைந்தார். சங்கத்து முத்திரையைக் காட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“அருட்பிரகாசம் எண்ட அப்போதிக்கரி. என்ரை மகளின்ரை பிரசவமும் அந்தாள்தான் பாத்தது. அவருக்கு ஏதும் கரைச்சலோ?”

இல்லை என்றாள். திரும்பி வரும்போது பாரம் பாதி குறைந்திருந்தது. ஆனால் அப்போதிக்கரியின் கையெழுத்தைக் கொம்பனி ஏற்காது. சந்தியோகுவையும் கிறகோரியையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எலும்பு டொக்டரிடம் காட்டி, புதிதாகச் சான்றிதழ் வாங்கினாள். கையெழுத்து வைத்தவரிடம் பதிவு இலக்கத்தையும் கேட்டாள். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு மனுக்களும் சரிவந்தன.

அருட்பிரகாசம் வாசலில் ‘அப்போதிக்கரி’ என்று பலகை மாட்டினார். சனம் அதைப் பார்த்துக்கொண்டே டொக்டர் என்றது. அவருடைய கையெழுத்தோடு மக்டலீன் கடலில் அடிபட்ட தன் புருஷனுக்காக வந்து நின்றபோது, கத்தரீனா கடதாசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மருந்தை அவரிட்டை எடுங்கோ, அக்கா. கையெழுத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ.”