அண்ணன் கடையும் மாட்டுத் தொட்டியும்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலர் ஒன்று அச்சடிக்க வேண்டும், கூடவே இருந்தவன் நீ, நீதான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் குடும்பம் ஒன்றில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா முகம் எனக்கு நினைவில்லை. மழை இல்லாமல் காடு காய்ந்தபோது அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் அடிவாரத்துக்கு வந்தார். ரோட்டோரம் கொட்டகை போட்டுக் கேழ்வரகுக் களி கிண்டி விற்றார். அதில்தான் வளர்ந்தோம்.

அம்மா இறந்தபின் அண்ணன் கடையை எடுத்து நடத்தினார். அம்மா பேரில் ஒரு கல்தொட்டி செய்யச் சொல்லிக் கடை முன்னால் வைத்தார். தண்ணீர் சேந்தி அதை நிரப்புவது என் வேலை. மாடு குடித்த பிறகுதான் மனிதருக்கு இலை. அது அண்ணன் வைத்த முறை.

கணவாய் ஏறும் வண்டி மாடுகள் அந்தத் தண்ணீருக்குப் பழகின. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டு வந்தாலும் மாடு தானாக நின்றுவிடும். சேலத்தில் பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் கடத்தூர் வண்டிக்காரர் ஒருவர் எப்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"எனக்குப் பசியே இல்லீங்க கடக்காரரே. மாடு நின்னுடுச்சு, நா என்ன பண்றது? ஒரு உருண்டை போடுங்க."

"அப்ப களிய மாட்டுக்குப் போடறேன். நீங்க தொட்டில குடிச்சுட்டுப் போங்க" என்பார் அண்ணன்.

ஒரு நாள் ஒரு பஸ் எங்கள் கடை முன்னால் பழுதாகி நின்றது. அதிலிருந்து சேலத்துப் பெரியவர் ஒருவர் இறங்கிச் சாப்பிட்டார். பெங்களூரில் ஓட்டல் நடத்தி ஓய்ந்தவர். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன்பின் எங்கள் கடையில் இறங்குவார். வந்தால் யோசனை சொல்லாமல் போகமாட்டார்.

"கொழம்ப ஒரே அண்டாவுல வெக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வைங்க. கடைசி ஆளுக்கும் சூடாப் போவணும்" என்றார். வைத்தோம். பெஞ்சு போடச் சொன்னார். போட்டோம். டம்ளரை வெந்நீரில் கழுவச் சொன்னார், காபி போடச் சொன்னார். எல்லாம் செய்தோம். கூட்டம் கூடியது. அண்ணன் அவர் பேச்சைத் தட்டியதே இல்லை.

அடுத்து தொட்டியைச் சொன்னார். "பஸ் நிக்க எடம் இல்லையே. சாணியும் ஈயுமா இருக்கற எடத்துல எறங்கி யாருங்க காபி குடிப்பாங்க? இனிமே வண்டி கொறையும், பஸ் கூடும். தொட்டிய எடுத்துடுங்க."

அண்ணன் வெகுநாள் யோசித்தார். கல்லை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. "எங்காத்தா பேர்ல வெச்ச தண்ணி. விக்கவும் மாட்டேன், ஒடைக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வளைவில் கிணற்றோரம் ஒரு விதவையம்மா குடியிருந்தார். தொட்டியை அங்கே நகர்த்தி வைத்து, தண்ணீர் நிரப்ப அவரிடம் ஒப்படைத்தார்.

கொஞ்ச நாள் மாடுகள் எங்கள் கடை முன்னால் வந்து வெறும் தரையை மோந்து நின்றன. வண்டிக்காரர்கள் சாட்டை போட்டு ஓட்டினார்கள். பிறகு மாடுகள் புது இடத்துக்குப் பழகிக்கொண்டன.

பஸ்கள் எங்கள் கடை முன்னால் வந்து நின்றன. கடைக்கு ஓடு போட்டோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தது அந்த நாட்களில்தான்.

சீமையில் சண்டை வந்தது. பெட்ரோல் கட்டுப்பாடு வந்தது. பஸ் குறைந்தது. பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய ஒன்றிரண்டு பஸ்ஸும் ஆள் நிறைந்து நிற்காமல் போயின. அரிசியும் சர்க்கரையும் கிடைக்கவில்லை. ரோட்டில் மறுபடி வண்டிகள் வந்தன, முன்னைவிட அதிகமாக வந்தன. ஆனால் மாடுகள் எங்கள் கடையைத் தாண்டி வளைவுக்குப் போய் நின்றன. அந்தம்மா அங்கே களி கிண்டத் தொடங்கியிருந்தார்.

"ண்ணா, தொட்டியத் திருப்பிக் கேப்போம்" என்றேன்.

"குடுத்த தண்ணியக் கேக்கறதாடா? அந்தம்மா பொழப்பு இப்ப அதுல இருக்குது."

செங்கல்லில் வேறு தொட்டி கட்டினார். இந்தத் தடவை தண்ணீரை அவரே சேந்தினார். மாடுகள் திரும்பிப் பார்க்கவில்லை. கடத்தூர்க்காரர் இறங்கி இழுத்தும் பார்த்தார்.

"மூக்கணாங்கயிறு அந்துரும் போல இருக்குதுங்க. நா நிப்பேன், அது நிக்க மாட்டேங்குது" என்று தலை குனிந்து சொன்னார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது.

சேலத்துப் பெரியவர் ஒரு முறை வந்தார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். "நாந்தாங்க கெடுத்துட்டேன்" என்றார்.

"சண்டை வரும்னு உங்களுக்கு யாருங்க சொன்னா? அன்னிக்கு நீங்க சொன்னது சரிதாங்க. உக்காருங்க, களி இருக்குது" என்றார் அண்ணன். பெரியவர் முழு உருண்டையையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கடையைச் சாத்தினோம். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. கடைக்குள்ளேயே பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தார். சலங்கைச் சத்தம் கேட்டால் கண் திறப்பார்.

"நின்னுச்சாடா?"

"இல்லீங்ண்ணா."

பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சண்டை முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் யாரையும் கடிந்து பேசியதில்லை, பசி என்று வந்தவரைத் திருப்பியதில்லை. இதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நடந்தது நியாயம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொடுத்த வைத்தியருக்கு நன்றி. அண்ணன் போன தகவல் கேட்டதும் சேலத்திலிருந்து வந்து, கடைசிவரை வெயிலில் நின்ற பெரியவருக்கு நன்றி. அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்கு, வந்த சனம் எல்லோருக்கும் களி கிண்டி அனுப்பியவர் வளைவுக் கடை அம்மாதான். அவருக்கு நன்றி.

கம்பைநல்லூரிலிருந்து சொந்தக்காரர்களைத் தன் வண்டியில் ஏற்றி வந்தவர் கடத்தூர் வண்டிக்காரர். அன்றும் மாடுகள் எங்கள் வாசலில் நிற்காமல் நடந்தன. அவர் குதித்து, முன்னால் போய், நுகத்தடியை நெஞ்சால் தாங்கி நிறுத்தினார். ஆட்கள் இறங்கி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் நன்றி.