கெட்டிமேளத்துக்குப் பதிலாக வந்த பாட்டு

எங்கள் கல்யாணம் எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னி ஹோம்புஷ்ஷில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் நடந்தது. என் பக்கத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மாப்பிள்ளையை அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தேன், அதிலும் மனுஷன் சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மேளம் இல்லாமல் தாலி ஏறக்கூடாது பிள்ளை. அந்த நேரம் ஒரு தும்மலோ கெட்ட சொல்லோ உன்ர காதில விழக்கூடாது." நாதஸ்வரமும் தவிலும் பதிந்த கசெட் ஒன்றையும் சேலைகளுக்கிடையில் வைத்துவிட்டார். இதையெல்லாம் நம்புவதில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அன்று நம்பினேன். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை.

மேளத்துக்குப் பொறுப்பு மாப்பிள்ளையின் நண்பர், மின்பொறியியலாளர். நேரம் வந்ததும் பொத்தானை அழுத்தினார். ரெக்கோடர் ஒருதரம் முழங்கிவிட்டு நாடாவை மென்று தின்றுவிட்டது. அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தும்மல் வரப்போகிறது என்று பதறிய நண்பர், பக்கத்திலிருந்த வானொலியை முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார். அந்த வருடம் ஊரெல்லாம் ஓடிய ஆங்கிலப் பாட்டு வந்தது. கிற்றாரும் பஞ்சு மாதிரிக் குரலுமாக அதன் கடைசி அடிகள். அட்சதை விழுந்தது. தப்பினோம் என்று நினைத்தேன்.

எங்கள் தாலிக்கொடியில் முடிச்சு இல்லை, கழுத்துக்குப் பின்னால் சுரை என்கிற திருகாணியைத் திருகிப் பூட்ட வேண்டும். மாப்பிள்ளை திருகித் திருகிப் பார்த்தார், பூட்டுப்படவில்லை. அதற்குள் பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் அதன் பின்கதையைச் சொல்லத் தொடங்கினார். பாடகரின் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று எழுதிய பாட்டாம். அவள் இன்னும் திரும்பி வரவில்லையாம்.

நண்பர் பாய்ந்து வானொலியை நிறுத்தினார். என் கழுத்துக்குப் பின்னால் திருகிக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட வேகமாக வந்தது.

"பூட்டுங்கோ," என்றேன். "விட்டுட்டுப் போறதெண்டாலும் பூட்டினாப் பிறகுதானே போகலாம்."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். அவர் மறுபடி திருகத் தொடங்கினார். பின்கழுத்தில் பட்ட அவருடைய விரல்கள் ஐஸாகக் குளிர்ந்து நடுங்கின. என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் ஒரு ஆள் இந்த அறையில் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரை எனக்குப் பிடித்துவிட்டது.