கோனு தூங்கவில்லை

மகுடேஸ்வரன் ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிறவன். சேவூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்து வெள்ளாமை செய்த குடும்பம். மீசை சரியாக முளைக்கும் முன்பே திருப்பூருக்கு வந்து ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தான். 2008-இல், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பனான பிறகும், அதே வேலையில்தான் இருந்தான். அங்கே வட்டமாகச் சுற்றும் மிஷின்கள் மேலேயிருந்து நூலை இழுத்துக் கீழே துணியாக இறக்கிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். ஊசி உடைந்தால் மாற்ற வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். உட்கார நேரம் கிடைக்காது. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அவன் கால்கள் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும்.

மனைவி அனிதாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பகல் ஷிப்ட். அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே கிளம்புவாள். ராயபுரத்து லைன் வீட்டு வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும் நேரம்தான் இருவரும் பேசிக்கொள்ளும் நேரம். மகள் மோனிஷா யூகேஜி படித்தாள். பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். வேன் வந்து இறக்கிவிட்டதும் மகுடேஸ்வரன் எழுந்து சோறு போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். அதற்கப்புறம் பொழுது சாய்ந்து அனிதா வரும் வரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டது கோனுதான்.

கோனு நாய். நூல் சுற்றிய கோன்கள் வரும் அட்டைப்பெட்டிக்குள் குட்டியாகக் கிடந்ததை மகுடேஸ்வரன் தூக்கிக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர். அப்போது மோனிஷா பிறந்திருக்கவில்லை. அவள் தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அதன் முதுகைப் பிடித்துத்தான். மதியத்தில் அவள் வாசல் சாக்கடையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் கால் வைத்தால் கோனு குரைக்கும். அந்தக் குரைப்புக்கு மட்டும் மகுடேஸ்வரன் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவான்.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், வெட்டிய பனியன் பீஸ் மூட்டை ஏற்றி வந்த டெம்போ ஒன்று சந்துக்குள் ரிவர்ஸில் வந்தபோது கோனுவின் இடுப்பின் மேல் ஏறிவிட்டது. இந்த முறை அவனை எழுப்பியது மோனிஷாவின் அலறல். பழைய பனியன் துணியில் நாயைச் சுற்றி மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு விரட்டினான். குழந்தையை வீட்டுக்காரம்மா நஞ்சம்மாளிடம் விட்டுப் போனான்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இடுப்பெலும்பு நொறுங்கிருச்சுங்க. உள்ளயும் ரத்தம் கட்டியிருக்குது. பொழைக்காது. இப்படியே உட்டா ராத்திரி முச்சூடும் வலியில துடிக்கும். ஊசி போட்டுறலாங்களா?"

மகுடேஸ்வரன் சரி என்றான். கோனுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அது அவன் கையை ஒரு தரம் நக்கியது. அப்புறம் நக்கவில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேலிமுள் மண்டிய காலி இடம் ஒன்று இருந்தது. அங்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கைகால் கழுவக்கூட விடாமல் மோனிஷா ஓடிவந்தாள்.

"அப்பா, கோனு எங்கீங்ப்பா?"

வழி நெடுக அவன் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் ஓடிப்போயிற்று.

"கோனுக்கு நொம்ப வலிச்சுது கண்ணு. டாக்டர் ஊசி போட்டாங்களா, நல்லாத் தூங்கிருச்சு."

"எப்ப எந்திரிக்கும்?"

"அது... சாமிகிட்டப் போய்த் தூங்குது. அங்கயே இருந்துக்கும்."

மோனிஷா அழவில்லை. வேலை விட்டு வந்த அனிதாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. "சின்னப்புள்ளைதானுங்க, ரெண்டு நாள்ல மறந்துருவா" என்றாள்.

மறுநாள் மதியம் சோறு போட்டுவிட்டு அவன் படுத்தான். கண் சொருகும்போது யாரோ இமையைப் பிடித்துத் தூக்கினார்கள். மோனிஷாவின் முகம் மிக அருகில் இருந்தது.

"அப்பா, தூங்கறீங்களா?"

"ஆமாங் கண்ணு."

"தூங்காதீங்க."

தண்ணீர் கேட்கிறாள் என்று எழுந்து கொடுத்தான். குடிக்கவில்லை. டி.வி. போட்டுவிட்டான். பத்து நிமிஷம் இருக்காது, தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். கரண்டு போய் ஃபேன் நின்றதும் வியர்த்து அவனே புரண்டான். அவன் அசைவது கண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அசைவு நின்றதும் மறுபடி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. நாய் இல்லாததால் துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தான். பக்கத்து லைனில் ஒரு குட்டிநாய் இருந்தது. கேட்டு வாங்கி வந்து காட்டினான். அது விளையாடிக் களைத்துச் சுருண்டு படுத்ததும் மோனிஷா அதைக் காலால் எத்தி எழுப்பினாள். "இத்தன நெஞ்சழுத்தமா உனக்கு?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தான். பெற்ற மகளை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அப்போதும் அழவில்லை. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ராத்திரி அனிதாவின் பாடு. குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள். தலை சரியும், திடுக்கென்று நிமிர்வாள், அம்மாவை உலுக்குவாள். காலையில் சாவி கைமாறும்போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கும்.

"நீங்க பகல்ல அவளத் தூங்க வெச்சறீங்களா? ராத்திரிக்குக் கொட்டக்கொட்ட முழிச்சிருக்கறா."

"என்னையத் தூங்க உட்டால்ல அவ தூங்கறதுக்கு! நேத்து ஒரு மிஷின்ல ஊசி, மாத்த மாத்த..."

"யாருக்கு ஊசி?" என்று உள்ளேயிருந்து மோனிஷா ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மிஷின் ஊசி கண்ணு. நீ போய்ப் பல்லு வெளக்கு" என்று விரட்டிவிட்டான். அதை யோசிக்க அவனுக்கு அப்போது தெம்பில்லை.

நஞ்சம்மாள் பார்த்துவிட்டு, "கொழந்த பயந்துட்டிருக்குது சாமி. அடிபட்டத நேர்ல பாத்துச்சு இல்ல? மந்திரிச்சுக் கவுறு கட்டியுடுங்க" என்றாள். கட்டினார்கள். கறுப்புக் கயிறு கட்டிய கையாலேயே அவன் இமையைத் தூக்கினாள்.

ஒரு விடியற்காலையில் மிஷினருகே நின்றபடியே மகுடேஸ்வரன் கண் அசந்துவிட்டான். ஊசி உடைந்தது தெரியவில்லை. ஒரு ரோல் துணி முழுக்கக் கோடு இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் மோகன்ராஜ் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக் காட்டினான்.

"துணி போனாப் போகுதுங்கண்ணா. கை மிஷினுக்குள்ள போயிருந்தா? ஊட்ல என்னுங்க பிரச்சனை?"

"ஒண்ணுமில்ல மோகன். கொழந்த தூங்க உடமாட்டீங்கறா" என்றான். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே மோனிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. தூங்காத உடம்பு, எத்தனை நாள்தான் தாங்கும்? அனிதா லீவு போட்டாள். இருவருமாக அவளைப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும் வரை மோனிஷா பேசாமல் இருந்தாள். நர்ஸ் ஊசியைத் தட்டில் எடுத்து வைத்த சத்தம் கேட்டதும் அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்து மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

"எனக்கு ஊசி வேண்டா! நான் தூங்க மாட்டேன்! சாமிகிட்டப் போக மாட்டேன்! அம்மா, வேண்டான்னு சொல்லுங்ம்மா!"

டாக்டரம்மா சிரித்து, "ஊசிக்குப் பயப்படாத புள்ள எங்கிருக்குது" என்றார். மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மதியமும் இமையைத் தூக்கிய அந்தச் சின்ன விரல்கள் அவன் நினைவுக்கு வந்தன. இத்தனை நாளும் அவள் விளையாட்டுக்கு எழுப்பவில்லை. அவன் சாகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி வேண்டாங்க, மாத்திரை குடுங்க" என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மேஜைக்கு அடியில் குனிந்து அவளை வெளியே எடுத்தான்.

கிளினிக் வாசல் படியிலேயே உட்கார்ந்தார்கள். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அவன் அவளைத் தன் முகம் பார்க்க மடியில் உட்கார வைத்தான்.

"அம்மிணி, அப்பா உன்றகிட்டத் தப்பாச் சொல்லிப்போட்டேன். கோனு தூங்கல. செத்துப்போச்சு."

"ஏனுங்க!" என்றாள் அனிதா.

"இரு, சொல்லீர்றேன். வண்டி ஏறி அதுக்கு உள்ளயெல்லா ஒடஞ்சு போச்சு கண்ணு. எந்த டாக்டராலயும் சரி பண்ண முடியாது. அதனால செத்துப்போச்சு. தூக்கங்கறது வேற. தூங்குனா மூச்சு ஓடிட்டே இருக்கும். எழுப்புனா எந்திரிப்போம். செத்துப்போனா மூச்சு இருக்காது, வலி இருக்காது, எழுப்புனாலும் எந்திரிக்காது."

மோனிஷா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஊசி எதுக்குப் போட்டாங்க?"

அவன் தயங்கினான். இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறையாகச் சொன்னதால்தான் இத்தனையும் வந்தது என்று அவனுக்குப் பட்டது.

"அது பொழைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. வலியில கத்திக்கிட்டே சாகக்கூடாதுன்னு போட்டாங்க. அது வேற ஊசி. மனுசருக்கு அதப் போடமாட்டாங்க. உனக்குப் போடறது காச்சல் போறதுக்கு."

"யாரு போடச் சொன்னா?"

"நான்தான் கண்ணு."

அவள் அவன் மடியிலிருந்து இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள். அங்கே போய்த்தான் அழ ஆரம்பித்தாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அனிதா சண்டை போட்டாள். "நீங்கதான் போடச் சொன்னீங்கன்னு சொல்லோணுமா? அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன புரியும்?"

"பொய் புரிஞ்சுது இல்ல?" என்றான் அவன். குழந்தை அழுதபடியே அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். இடையில் எழவே இல்லை. இருவரும் மாற்றி மாற்றி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் அப்பாவிடம் பேசவில்லை. மதியத்தில் சோற்றை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். அவன் இமையை இப்போது யாரும் தூக்கவில்லை. தூங்க நேரம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை. நாயை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அது தானாகப் போகட்டும் என்று விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று புரண்டு புரண்டு யோசித்தான். ஒவ்வொரு முறையும் நொறுங்கிய அந்த இடுப்பு கண்ணில் வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்தாள்.

"எங்க பொதச்சீங்க?"

"தண்டவாளத்துக்கு அக்கட்டால."

"எனக்குக் காட்டுங்க."

மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனான். போய்ப் பார்த்தால் இடமே தெரியவில்லை. வேலிமுள்ளை வழித்து எறிந்து, புதுக் கம்பெனி கட்ட ஜேசிபி மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தது. அஸ்திவாரக் குழிகளில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மகுடேஸ்வரன் அங்குமிங்கும் நடந்தான். ஏதாவது ஒரு மண்மேட்டைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது.

"இங்கதான் எங்கியோ கண்ணு. எந்த எடம்னு அப்பாவுக்குத் தெரியல. எல்லாத்தையும் தோண்டிப் போட்டுட்டாங்க."

அவள் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். பேச்சில் தெக்கத்திச் சாயல். "என்ன தாயி தேடுதே? எதையாச்சும் போட்டுட்டியா?"

மோனிஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க நாயி செத்துப்போச்சுங்க. அதும்பேரு கோனு. டெம்போ ஏறி உள்ளயெல்லா ஒடஞ்சு போச்சு. எங்கப்பா இங்கதான் பொதச்சாங்க. வலிக்கக் கூடாதுன்னு ஊசி போட்டாங்க."

அந்தப் பெண் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அடப் பாவமே. நல்ல நாயா?" என்று கேட்டாள்.

"நல்ல நாயிங்க. என்னைய ரோட்டுக்கு உடாது."

மோனிஷா நிறையச் சொன்னாள். கோனு முறுக்குத் தின்னும், தயிர்சோறு தின்னாது, இடிக்குப் பயந்து கட்டிலடியில் போய்விடும் என்றெல்லாம். அந்தப் பெண் வேலையை மறந்து கேட்டுக்கொண்டு நின்றாள். மேஸ்திரி சத்தம் போட்ட பிறகுதான் போனாள். மகுடேஸ்வரன் தள்ளி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பும்போது மோனிஷா வழக்கம்போல் முன்னால் நிற்காமல் பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மோனிஷா ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டாள். அவன் படுக்கப் போகும்போதெல்லாம், "எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?" என்று கேட்பாள். அவன் மணி சொல்வான். சின்ன முள் எங்கே வரும் என்று சுவர்க் கடிகாரத்தில் காட்டச் சொல்வாள். சொன்ன மணிக்கு அவன் எழுந்தே ஆக வேண்டும். உடம்பு எத்தனை கெஞ்சினாலும் எழுந்து உட்கார்ந்து, "எந்திரிச்சுட்டேன் அம்மிணி" என்று சத்தமாகச் சொல்வான். வாசலிலிருந்து "சரிங்ப்பா" என்று வரும். அதைக் கேட்ட பிறகு வேண்டுமானால் மறுபடி சாய்ந்துகொள்வான்.

அவள் ஒண்ணாங்கிளாஸ் போய்ப் பள்ளி சாயங்காலம் விட ஆரம்பித்த பிறகும், லீவு நாட்களில் இந்தக் கேள்வி தொடர்ந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் அவன் பாயை விரித்துப் படுத்துக் காத்திருந்தான். கேள்வி வரவில்லை. எட்டிப் பார்த்தால் லைனுக்குக் கடைசியில் பிள்ளைகளோடு நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தான். கூப்பிடாமல் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான்.