தப்பியோடியவனின் அடையாளங்கள்

எங்கள் நூலகத்தில் அடிமை வரலாறு பற்றி நிகழ்ச்சி வைக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள், முடிந்ததும் பழச்சாறு குடிப்பார்கள், மறுநாள் எல்லாம் மறந்துபோகும். கதிரை அடுக்குவதும் பழச்சாறு ஊற்றுவதும் நான். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதி நூலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மிச்ச வேலையும் என் தலையில்தான் விழும்.

பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண் கொண்டுவந்த பழைய பத்திரிகைப் பிரதிகளைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். இந்து சமுத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஒரு தீவு, அதில் ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே அடிமைகளாக இருந்தவர்களில் ஆபிரிக்கர்களோடு, புதுச்சேரிக் கரையில் கப்பலேற்றப்பட்ட நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அடிமை காட்டுக்குத் தப்பியோடினால் எசமான் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பான். அப்படி ஒன்றைத் தமிழாக்கும்படி என்னிடம் தந்தார்கள். மெலிந்த இளைஞன், இடது புருவத்தில் தழும்பு, நீலத் துணி கட்டியிருந்தான், பேச்சுக் கொடுத்தால் கீழே பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வான். கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம் உண்டு.

அதைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்து, கீழே நூலகத்தின் முகவரியும் பொடி எழுத்தில் பிரெஞ்சு விளக்கமும் போட்டு, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் தமிழ்க் கடைகளில் ஒட்டினோம். உண்மையான விளம்பரம் போலவே இருந்தால் சனம் நின்று வாசிக்கும் என்பது பொறுப்பாளரின் யோசனை. சனம் நின்று வாசித்ததுதான். ஆனால் எங்கள் கடைக் கண்ணாடிகளில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு, வாடகைக்கு அறை, எப்போதாவது காணாமல் போன ஒருவரின் படம். ஒருவருடைய அடையாளம் அங்கே இருந்தால் அதை ஒட்டியது அவருடைய வீட்டார். எங்கள் ஆட்களுக்கு அதில் சந்தேகமே வராது.

மரக்கறிக் கடைக்கார அண்ணைதான் முதலில் என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, உந்தப் பெடியனை ஆர் தேடுகினம்? சனம் கேட்டுக்கொண்டு வருகுது."

"அண்ணை, அவன் செத்து இருநூறு வருசமாவது இருக்கும்."

"அப்ப என்னத்துக்கு இப்ப ஒட்டினனீங்கள்?"

சிரித்துவிட்டேன். நூலகத்திலும் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை.

புறநகரான பொபினியிலிருந்து ஒரு அக்கா வந்தார். வன்னிக்காரி. கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து வைத்தார். அவருடைய மகன். சண்டை முடிந்த கையோடு, முகாமுக்குப் போகும் வரிசையில் வைத்து ஆமிக்காரர் அவனைப் பிரித்து, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. என் மகனையும் இப்படிப் போடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தப் பிள்ளையின்ரை தாய் எங்கை இருக்கிறா? அவவோடை ஒருக்கால் கதைக்க வேணும்."

"தாய்தான் போட்டவ எண்டு எப்பிடி அக்கா நினைச்சனீங்கள்?"

"பின்னை? கீழை பாத்துக்கொண்டு கதைப்பான் எண்டு தாயைத் தவிர வேறை ஆருக்குத் தெரியும்?"

அதை மொழிபெயர்த்தபோது நானும் ஏதோ ஒரு அக்கறையைக் கண்டுதான் அந்த வரியில் நின்றேன். ஆனால் எழுதியது எசமான். அந்தப் பெடியன் கீழே பார்த்துக் கதைத்தது இந்த எசமானுக்குப் பயந்துதான். மெல்ல மெல்ல எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொன்னேன். கப்பல், அடிமை, காடு, சன்மானம். சொல்லச் சொல்ல அவர் முகம் வற்றிப்போனது.

"பிடிச்சவங்களோ?"

"தெரியாது அக்கா. பேப்பரிலை பிறகு ஒண்டும் இல்லை."

"அப்ப பிடிபடேல்லை" என்றார் உடனே. அப்படி எதுவும் நிச்சயமில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், நிகழ்ச்சியில் அந்த அறிவித்தலைத் தானே வாசிக்கலாமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் கூடம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் வயதான பிரெஞ்சுக்காரர்கள். ஆபிரிக்காவின் மாலிக்காரர் ஒருவர் தன் பாம்பரா மொழியில் ஒரு விளம்பரத்தை வாசித்தார், ஒரு மாணவி பிரெஞ்சில் இன்னொன்றை வாசித்தாள். அக்கா சேலை உடுத்து வந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். தழும்பு, நீலத் துணி, கீழே பார்க்கும் வழக்கம். சன்மான வரிக்கு வந்ததும் அவர் தாளை மடித்துவிட்டார்.

"இந்தப் பிள்ளையைக் கண்டால் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. காட்டிக் குடுக்காதேங்கோ."

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். பொறுப்பாளர் கண்ணைத் துடைத்தார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா பொலித்தீன் பையிலிருந்து படத்தை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார்.

"இது என்ரை பிள்ளை. இவனைக் கண்டால் எனக்குச் சொல்லுங்கோ."

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடக்க முடியவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை, பழச்சாற்றுப் பக்கம் போகவும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தை வடிவாகப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, இல்லை மதாம், நான் காணவில்லை என்றார். அவருக்குப் பின்னால் மாலிக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் அந்த மாணவி. ஒருவர் பின் ஒருவராக வந்து, பார்த்து, இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

"என்னவாம்?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டார்.

"காணேல்லையாம் அக்கா."

"சரி" என்று சொல்லி, அடுத்தவருக்குப் படத்தை நீட்டினார்.