எஃபெக்டிவா, டிஃபெக்டிவா... எங்கள் செல்வராணி மேடம்

செல்வராணி மேடம் போய்விட்டார். காலையில் போன் வந்தது... ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. கல்லூரியில் நெசவுத் துறைத் தலைவர். ராஜபாளையத்தில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிற எங்களுக்கு வெறும் "மேடம்".

முதன்முதலில் என் தறிக்கூடத்துக்கு வந்தபோது ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட இல்லை. "அண்ணாச்சி, எங்க பிள்ளைகளுக்கு உங்க தறியில ட்ரெயினிங் குடுங்க."

நான் என்ன சாதாரண ஆளா? என் தறிச் சத்தம் கேட்டுத்தான் பாதி ஊர் கண் விழிக்கும். "படிச்ச பிள்ளைக கை வச்சா தறி நின்னுரும் மேடம்" என்றேன்.

"நின்னா எங்க டிபார்ட்மெண்ட்ட இழுத்து மூடிருதேன். ஓடுனா நீங்க டீ வாங்கித் தரணும்."

ஓடியது. டீயோடு பால்கோவாவும் வாங்கிக் கொடுத்தேன். நம்ம கை அப்படி.

அப்புறம் வந்தது அந்தக் கமிட்டி... துறை உருப்படியாக நடக்கிறதா என்று பார்க்க. சரியில்லை என்றால் வேறு துறையோடு சேர்த்துவிடுவார்களாம். மேடம் இத்தனை வருஷம் கட்டியது அம்புட்டும் கரைந்துபோகும்.

பெற்றோரைக் கேட்டார்கள், வேலை கொடுக்கிறவர்களையும் கேட்டார்கள். வேலை கொடுக்கிறவர் யார்? அடியேன்! அவர்கள் பாஷையில் ஸ்டேக்ஹோல்டர்! கமிட்டித் தலைவர் என்னைப் பார்க்கவே டெல்லியிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்தார் என்று ஊரில் பேச்சு.

முதலில் வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு மாணவியின் அம்மா. "முன்னால எம்மவ வாயே தெறக்க மாட்டா சார். இப்ப அவ அப்பாவையே கேள்வி கேக்கா. இது உங்க மார்க்குல சேருமா?"

அடுத்து நான். தலைவர் இங்கிலீஷில் கடகடவென்று கேட்டார்... டிபார்ட்மெண்ட் எஃபெக்டிவா?

ஏசி வேறு லாரி மாதிரி உறுமியது. துணிக்காரன் காதில் என்ன விழும்? "டிஃபெக்டிவா" என்றுதான் விழுந்தது. எங்களுக்கு டிஃபெக்ட் என்றால் ஓட்டை, கறை, அறுந்த இழை. எங்க மேடத்தின் துறையைப் பார்த்தா அப்படிக் கேட்பது?

எழுந்து நின்றேன். "சுத்தமா இல்ல சார்! ஒரு பொட்டுகூட இல்ல! எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்!"

தலைவர் பேனாவை மூடிவிட்டார். மேடம் முகம் வெளுத்துவிட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மேடம்தான் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அண்ணாச்சி, அவிய என்ன கேட்டாவ?"

"டிஃபெக்ட் உண்டான்னு கேக்காவ."

மேடத்துக்குச் சிரிப்பு முட்டியது. "சரி, உங்க தறிக்கு வந்த எங்க பிள்ளைகள்ல டிஃபெக்ட்டுன்னு எத்தன பேரக் கழிச்சிய?"

"கழிக்கதா? அம்புட்டு பேரும் எங்கிட்டதான ஷிப்ட் பாக்காவ! அந்த முத்துமாரி ஒரு நாள் வரலன்னா நான் கூடத்தையே தெறக்க முடியாது!"

கமிட்டியே குலுங்கிச் சிரித்தது. ரெண்டு பேர் அழுதார்கள். தலைவர் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்... கிட்டத்தட்ட. துறை தப்பித்தது.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும், எதிர் பஸ்ஸில் இருந்தாலும், "அண்ணாச்சி, எஃபெக்டிவா இருக்கியளா?" என்பார்.

"ஒரு பொட்டுகூட இல்ல மேடம்!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயில் அடிவாரத்தில் பார்த்தேன். மெலிந்திருந்தார். படி ஏறவில்லை. ஆனாலும் அதே கேள்வி... குரல் மட்டும் சின்னதாக.

இன்று கூடத்துக்குப் போனால் முத்துமாரி வாசலில் நிற்கிறாள். பின்னால் மேடத்தின் பிள்ளைகள் எல்லாரும். "அண்ணாச்சி, மேடத்தப் பாக்க நாங்க கெளம்புதோம்" என்றாள். அவளே போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினாள்.

உங்க பிள்ளைகள் கை வைத்து என் தறி நின்றது இன்றைக்குத்தான் மேடம்.

டிஃபெக்ட்... ஒரு பொட்டுகூட இல்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள்.