எனக்கு விரதம், நாய்க்குப் பட்டினி

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் சரக்கு வந்து சேர்ந்த தாளில் கையொப்பம் போடத்தான். எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பிழை கண்ணில் பட்டால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் டிவிக்குள் இருந்த நாய்க்காக அழுததைத்தான் எழுதப்போகிறேன். அதோடு பார்த்தால் எழுத்துப்பிழை சின்னக் குறைதான்.

வீடு ரெங்கத்தில். வேலை பக்கத்து ஊரான குளுவாங்கில், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் தன்னுடைய கேம் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

“சும்மா செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்கப்பா. இத ஆடுங்க லா.”

நான் காப்பிக்கடைக்குப் போய் நாலு பேரோடு உட்காரும் ஆள் இல்லை. யாராவது “சௌக்கியமா?” என்று கேட்டாலே எனக்குப் பதில் தேடவேண்டியிருக்கும். அதனால் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. பனி கொட்டும் ஒரு நாடு. ஒரு மனிதனும் ஒரு நாயும் நடந்துகொண்டே இருப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் மான், முயல் என்று வில்லால் அடித்துச் சாப்பிடலாம். மனிதனுக்குக் காட்டுப் பழமே போதும். நாய்க்கு இறைச்சிதான் வேண்டும். எல்லாம் படமாக இருப்பதால் ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கு வைக்கும் நேரம்வரை தினமும் ஒரு மணி நேரம் ஆடுவேன்.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்குக் கண் மோசமானது. அவள் வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பவள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணுக்கு ஏறிவிட்டது. வலது கண்ணில் வெறும் நிழல்தான். இடது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். சரியாகுமா என்று கேட்டதற்கு, உறுதி சொல்லமுடியாது என்றார்கள். தைப்பூசம் கழிந்து இரண்டு வாரத்தில் தேதி கொடுத்தார்கள்.

என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறேன், அந்த ஒரு கண்ணை விட்டுவை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அலகு குத்தும் தைரியம் எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போடுவதற்கே என்னைப் பிடித்துக்கொள்ள இன்னொரு நர்ஸ் வரவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் விரதத்தில், கைப்பழக்கத்தில் ஒரு மானை அடித்துவிட்டேன். அது பனியில் விழுந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் விபூதி, கையில் மானின் ரத்தம். எழுந்து போய் மறுபடியும் தலைக்குக் குளித்தேன்.

“இப்பத்தானே குளிச்சீங்க?” என்றாள் மனைவி.

“புழுக்கமா இருக்கு.”

வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்தது.

டிவிக்குள் கொன்றால் விரதம் கெடுமா? மூன்று முறை கோயிலுக்குப் போனேன், குருக்களிடம் கேட்பதற்கு. முதல் முறை ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் முறை ஆட்கள் இல்லை, அதனால் இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. பால்குடத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று, எனக்குத் தெரிந்ததையே கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் முறை ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“சாமி, விரதத்துல இருக்கறப்ப கனவுல வேட்டையாடுனா?”

குருக்கள் தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “கனவுல பண்ணுனதுக்குக் கனவுலயே குளிச்சிருங்கண்ணே. அவ்வளவுதான்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டு, என் ஆளை ஆற்றில் இறக்கி மூன்று முறை முங்கவைத்தேன். அது பனி ஆறு. அவன் உடம்பு நடுங்கி, திரை மூலையில் அவன் உயிரைக் காட்டும் கோடு பாதிக்கு இறங்கிவிட்டது. நாய் கரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இருந்தது பக்தி இல்லை.

அன்றிலிருந்து வேட்டை இல்லை. விளையாட்டையே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினேன், இரண்டு நாள். ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தால் அந்த நாய் பனியில் நிற்பது மாதிரியே இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“ஆஃப் பண்ணா எல்லாம் அப்படியே நிக்கும்பா. ஒண்ணும் ஆகாது.”

“பசிக்காதா?”

“யாருக்குப்பா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடலாம் என்றுதான் தினமும் போட்டேன். பெட்டி ஓடும்போது மட்டும்தான் அதற்குப் பசி ஏறும். ஆக, நான் பார்க்கப் போவதே அதைப் பட்டினி போடுவதாக இருந்தது. இது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. காட்டுப் பழத்தை முன்னால் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நம்ம வீட்டு விரதச் சாப்பாட்டைப் பார்த்து என் மகள் திருப்புவாளே, அதே மாதிரி.

முப்பதாம் நாள் வாக்கில் நாய் படுத்துவிட்டது. திரையில் இரண்டு படம் வந்தது. ஒன்றில் மனிதன் நாயைத் தோளில் தூக்கியிருந்தான். இன்னொன்றில் தனியாக நடந்துகொண்டிருந்தான். தூக்கினாலும் பசி போகாது. அதற்கு இறைச்சி கொடுக்கவேண்டும், நான் விரதம். என் மனைவியின் கண்ணா, இந்த நாயா என்று கேட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை, இரண்டாவது படத்தை அமுக்கினேன். என் ஆள் பத்தடி நடந்தான். நாய் குரைக்கவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. நான் திரும்ப ஓடிவந்து அதன் பக்கத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவி சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். “மூக்க உறிஞ்சற சத்தம் கேக்குது. யாரு செத்தா?”

சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மான், குளியல், குருக்கள், ஆறு, நாய். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“விரதம் உங்களுக்கா எனக்கா?”

“எனக்கு.”

“போன வாரம் உங்க மக வந்தப்ப பின்னால அடுப்புல தனிச் சட்டியில நண்டு ஆக்கிக் குடுத்தேன்ல? உங்க விரதம் கெட்டுச்சா?”

“இல்ல.”

“அப்பொறம் என்ன? அதக் குடுங்க இங்க. இதுவும் தனிச் சட்டிதான்.”

விளையாட்டை ஆட்டிவைக்கும் பொத்தான் கருவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குத் திரை ஒரு வெள்ளைத் துணி மாதிரி மட்டும்தான் தெரிந்தது. எந்தப் பொத்தான் வில் என்று அவள் விரலைப் பிடித்து வைத்தேன். முதல் ஐந்தாறு அம்பு மரத்துக்கும் வானத்துக்கும் போயின.

“கொஞ்சம் எடது. இன்னும். மேல போகாத.”

“என்னோட எடதா, அவனோட எடதா?”

“அலமாக்! ரெண்டும் ஒண்ணுதான்மா. இப்ப விடு!”

விட்டாள். மான் விழுந்தது. அம்பை விட்டவள் அவள், குறி காட்டியவன் நான். இதில் என் விரதம் எந்த அளவுக்கு மிச்சம் இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

“விழுந்துச்சா? பெரிய மானா?”

அப்போதுதான் பார்த்தேன். விழுந்த மானின் பின்னால் ஒரு குட்டி நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை.

“கெழட்டு மான்மா,” என்றேன். “சாகுற வயசு.”

“அப்ப பாவம் இல்ல,” என்று அவள் எழுந்து இட்லி ஊற்றப் போனாள். நாய் சாப்பிட்டது. வாலை ஆட்டியது. என்னைப் பார்த்துத்தான் ஆட்டியது, அவளைப் பார்த்து இல்லை.

பால்குடம் எடுத்தேன். ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரலைக் காட்டினார், அவள் சரியாக எண்ணினாள். அடுத்த வாரம் என் முகத்தைப் பார்த்து, “இவ்வளவு நரையா?” என்றாள். நான் வெளியே போய், ஆஸ்பத்திரிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்குதான் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த மான் கதை அவளுக்குப் பெருமையாகிவிட்டது. மகளிடம் சொல்கிறாள், ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் சொல்கிறாள். “கண்ணு தெரியாமலே அடிச்சேன். கெழட்டு மான்தான், பாவம் இல்ல.” ஒவ்வொரு முறையும் நான் தரையைப் பார்க்கிறேன். அவளுக்குக் கண் தெரியாத நேரம் பார்த்துச் சொன்ன பொய் அது.

இப்போது சாயந்திரமானால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

“எங்கங்க, அதே மாதிரி ஒரு கெழட்டு மானக் காட்டுங்க. எப்படி இருக்கும்னு பாக்கறேன்.”

மூன்று நாளாக அந்தக் காடு முழுக்கத் தேடிவிட்டேன். அந்த விளையாட்டில் கிழட்டு மானே கிடையாது.

வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் இதை எழுதினேன். நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போகிறேன், அவளே படித்துக்கொள்ளட்டும். அது கிழட்டு மான் இல்லைம்மா. குட்டி இருந்தது. நாம் டிவியை அணைக்கும்வரை அது அங்கேயேதான் நின்றது. சாயந்திரம் நான் வந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை, 4 மே 2025